மடக்குப் படகில் பின் சீட்டு

என் அக்கா அல்முட் லைப்சிக் நகரத்தில் டிராம் ஓட்டுகிறாள். ஓட்டும்போது யாரோடும் பேசக் கூடாது என்பது விதி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஷிப்ட் முழுவதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இறங்கியதும் அத்தனை நேரத்துப் பேச்சையும் வட்டியோடு பேசித் தீர்ப்பாள். யார் கிடைத்தாலும் சரி. யாரும் கிடைக்காவிட்டால் எனக்கு போன் செய்வாள்.

அவளுடைய சிநேகிதி வீப்கே காது மெஷின் விற்கும் கடையில் வேலை பார்க்கிறாள். காது மந்தமான பெரியவர்களிடம் "இப்ப கேக்குதா? இப்ப?" என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் ரேடியோகூடப் போட மாட்டாள். குக்கர் சத்தம் பிடிக்காமல் வெறும் ரொட்டி தின்ற நாட்கள் உண்டு. இந்த இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து நெருங்கிய சிநேகிதிகள். அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். நாற்பது வருஷமாக எனக்கும் புரியவில்லை.

ஒரு குளிர்காலத்தில், சூடான ஒயின் குடித்துக்கொண்டிருந்தபோது, வரும் கோடையில் எல்பே ஆற்றில் படகில் போவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். செக் எல்லைப் பக்கத்தில் பாட் ஷாண்டாவில் படகை இறக்குவது, முடிந்தால் ஹாம்பர்க் வரை போவது, ராத்திரிக்குக் கூடாரம். மூன்று வார விடுப்பு. இரண்டு பேரிடமும் கார் கிடையாது. இரண்டு பேரும் லிப்ட் இல்லாத கட்டடத்தில் மேல் மாடியில் குடியிருக்கிறார்கள். அதனால் மடக்குப் படகு. சட்டமாக நிற்கும் எலும்புகளைக் கழற்றி, மேலே போர்த்திய தோலைச் சுருட்டிப் பையில் போட்டு, ரயிலில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

நான் எலெக்ட்ரீஷியன். என்னிடம் ஒரு வேன் இருக்கிறது. ஆகவே படகு பார்க்கப் போகும் இடத்துக்கெல்லாம் நானும் போக வேண்டியதாயிற்று.

முதலில் ஊருக்குள் இருந்த பெரிய கடைக்குப் போனோம். விற்பனையாளன் நல்ல பையன். அலுமினியச் சட்டம் போட்ட இரட்டை இருக்கைக் கயாக் ஒன்றைப் பிரித்துக் காட்டினான். அக்கா பார்த்ததுமே அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"இதுதான். இதையே கட்டிக் குடுங்க."

"கனமா இருக்கும் போலிருக்கே," என்றாள் வீப்கே.

"அலுமினியம் மேடம். இந்த அளவுல இதைவிட லேசா கிடைக்காது."

"அலுமினியம் சில்லுனு இருக்குமே."

"நீங்க ஜூலைலதானே போறீங்க?"

"ஜூலைலயும் விடியக்காலையில குளிரும்."

பையன் அடுத்த இரட்டைப் படகைக் காட்டினான். அதன் நிறம் மீன்களைப் பயமுறுத்தும் என்றாள். இன்னொன்றின் பை மிகவும் நீளம், ரயிலில் வைக்க இடமிருக்காது என்றாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, வீப்கே மூலையில் இருந்த ஒற்றை இருக்கைப் படகின் பக்கம் நகர்ந்தாள்.

"இது அழகா இருக்கு பாரேன். ஆளுக்கொண்ணு வாங்கிக்கலாம். முதுகுல மாட்டிக்கிட்டுப் போயிடலாம்."

அக்கா அதைச் சுற்றி வந்தாள். அக்காவின் உடம்பு டிராமின் ஓட்டுநர் இருக்கையை நிறைத்து வழிகிற உடம்பு.

"இதுக்குள்ள நான் எப்படிடி போறது? ஷூ போட்டுக்கற கரண்டி வச்சு உள்ள தள்ளுவியா?"

"பெரிய சைஸும் இருக்கு மேடம்," என்றான் பையன்.

"வேணாம். இது படகா, சவப்பெட்டியா? நீ ஒரு படகு, நான் ஒரு படகு, நீ அந்தக் கரை, நான் இந்தக் கரைன்னா அதுக்குப் பேரு சேர்ந்து போறதா?"

அப்புறம் ஒரு கண்காட்சி. அங்கே ஒரே பிளாஸ்டிக் தகட்டை அட்டைப்பெட்டி மடிப்பது போல மடித்துப் படகாக்கிக் காட்டினார்கள். ஒற்றை ஆளுக்கானது. வீப்கே கைதட்டினாள். "பீட்சா வர்ற டப்பா மாதிரி இருக்கு" என்று அக்கா நகர்ந்துவிட்டாள். காற்றடித்து ஊதும் படகு ஒன்று, இருவருக்கானது. அக்காவுக்குப் பிடித்தது. "இதுல ஏறினா எல்பேல போற மாதிரி இருக்காது, கடற்கரையில வெயில் காயற மாதிரி இருக்கும்" என்றாள் வீப்கே.

வசந்தம் வந்துவிட்டது. செஸ்நட் மரங்களில் பூ வைத்துவிட்டது. இன்னும் படகு இல்லை. வேனின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து திரும்பி வரும்போதெல்லாம் நான் ஒன்றைக் கவனித்தேன். இரட்டை என்றால் வீப்கே குறை சொல்கிறாள். ஒற்றை என்றால் அக்கா குறை சொல்கிறாள். எடை, நிறம், பை எல்லாம் சும்மா. உண்மையான காரணம் வேறு ஏதோ. ஆனால் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

பிறகு இணையத்தில் ஒரு பழைய படகு கண்ணில் பட்டது. மரச் சட்டம், கித்தான் மேல்புறம், இரண்டு இருக்கை. நடு இருக்கையாக மாற்றினால் ஒரு ஆளும் தனியாக ஓட்டலாம் என்று போட்டிருந்தது. வீப்கேவுக்கு எதிர்த்துப் பேச அதில் ஒன்றும் கிடைக்கவில்லை போலும், பார்க்கலாம் என்றாள். கிரிம்மா என்ற ஊரில், மூல்டே ஆற்றங்கரையில் இருந்தார் விற்பவர். பெயர் கொலிட்ஸ். எழுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், மூட்டு வலி வந்து படகை விற்கிறார்.

படகு வாங்க வந்திருக்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் பெண் கேட்டு வந்தவர்களை விசாரிப்பது போல எங்களை விசாரித்தார். காபியும் பிளம் கேக்கும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"எங்க வைப்பீங்க இவளை?" என்றார், படகுப் பைகளைக் காட்டி.

"கீழ நிலவறையில," என்றாள் அக்கா.

"ஈரம் இருக்குமா?"

"கொஞ்சம்."

கொலிட்ஸ் கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி சார், சரி. என் கட்டிலுக்கடியில வச்சுக்கறேன்."

"எலி?"

"இவ வீட்ல எலி தங்காது சார்," என்றாள் வீப்கே. "இவ பேசற பேச்சுக்கு."

தட்டு பாதி வழி திரும்பி வந்தது. கொலிட்ஸ் மெதுவாகக் கேட்டார்: "பின்னாடி யார் உட்காருவீங்க?"

"நான்," என்றாள் அக்கா.

"நான்," என்றாள் வீப்கே.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பின்னால் உட்காருபவரின் காலடியில்தான் சுக்கானைத் திருப்பும் மிதிகள் இருக்கின்றன. முன்னால் உட்காருபவர் துடுப்பு போடும் வேகத்தைக் கொடுத்தால் போதும் என்று கொலிட்ஸ் விளக்கினார்.

"அப்ப நான்தான்," என்றாள் அக்கா. "இருபத்தாறு வருஷமா வண்டி ஓட்டறேன்."

"உன் வண்டிக்கு ஸ்டியரிங்கே கிடையாதுடி! தண்டவாளம் எங்க போகுதோ அங்க போகும். உன் பிழைப்புல ஒரு தடவையாவது நீயா இடது பக்கம் திரும்பியிருக்கியா?"

அக்கா கையில் எடுத்த கேக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை.

கொலிட்ஸ் காபியைக் குடித்து முடித்தார். "இப்ப விக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போங்க. ஏரியில ஓட்டிப் பாருங்க. திரும்பி வந்து சொல்லுங்க. அப்புறம் பார்க்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோஸ்புடன் ஏரிக்கரையில் பாதி லைப்சிக் படுத்திருந்தது. புல்வெளியில் பைகளைக் கொட்டினோம். கம்புகள், விலாக்கள், கித்தான் தோல், பித்தளைக் கொக்கிகள். அரை மணி நேர வேலை என்று கொலிட்ஸ் சொல்லியிருந்தார். அவருக்கு அரை மணி நேரமாக இருக்கலாம். நாங்கள் தொடங்கும்போது வெயிலில் படுத்திருந்த ஒரு குடும்பம், நாங்கள் முடிக்கும்போது நிழலில் இருந்தது. நிழல்தான் நகர்ந்து அவர்களிடம் வந்திருந்தது.

சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கையில் பீர் பாட்டிலோடு ஒரு தாடிக்காரர், "அந்த விலா தலைகீழா இருக்கு" என்றார். நீச்சலுடையில் இருந்த ஒரு அம்மா, "இல்ல, சரியாத்தான் இருக்கு, எங்க மாமா வீட்ல இதே படகு இருந்துச்சு" என்றாள். அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட ஆரம்பித்தார்கள். முன்பாதிச் சட்டத்தையும் பின்பாதிச் சட்டத்தையும் தோலுக்குள் நுழைத்தாயிற்று. நடுவில் இரண்டும் கூரை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும்; அதை அழுத்தி நேராக்கினால்தான் தோல் விறைக்கும்.

"தள்ளுடா யோஸ்ட்!"

"தள்றேன் அக்கா."

"சாப்பிட்டவன் மாதிரி தள்ளு!"

கடைசியில் அக்கா அதன்மேல் உட்கார்ந்தாள். டப்பென்று ஒரு சத்தம். கூட்டம் கைதட்டியது. உடைந்துவிட்டது என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடையவில்லை. படகு ஆகியிருந்தது.

பின் சீட்டுக்கு நாணயம் சுண்டினோம். அக்காவுக்கு விழுந்தது.

தண்ணீரில் இறக்கியதும் படகு ரொம்ப அழகாகத்தான் போயிற்று, முதல் வட்டத்தில். இரண்டாவது வட்டத்தில் வீப்கே, "நேரா போடி" என்றாள். மூன்றாவது வட்டத்தில் அக்கா, "நேராத்தான் போறேன், ஏரிதான் சுத்துது" என்றாள். தாடிக்காரர் கரையிலிருந்து, "இடது கால்! இடது காலை அழுத்துங்க!" என்று கத்தினார். "வலது! வலது!" என்று நீச்சலுடை அம்மா கத்தினாள். காற்று எழுந்தது. படகு வட்டத்தை விட்டு நேராகக் கிளம்பி, கரையோர நாணல் புதருக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததை எல்லாரும் கேட்டார்கள். தண்ணீர்மேல் குரல் எவ்வளவு தெளிவாக வரும் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

"திருப்பேன்டி!"

"நீ துடுப்பு போட்டாத்தானே திரும்பும்! காலையிலேர்ந்து சொல்றேன், நீ என்னமோ சூப் கலக்கற மாதிரி…"

"காலையிலேர்ந்து சொல்றியா? போன வருஷத்திலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்க! மூச்சு விடாம! அல்முட், என்னால முடியாதுடி. மூணு வாரம் உன் பேச்ச பிடரியில வாங்கிக்கிட்டு என்னால உட்கார முடியாது. அதுக்குத்தான் ஒத்தப் படகு கேட்டேன். பின் சீட்டும் அதுக்குத்தான் கேட்டேன். பின்னாடி இருந்தாலாவது பாதிப் பேச்சு காத்துல போயிடும்!"

ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணி அடிப்பதை நிறுத்தினார்.

நாணலுக்குள்ளிருந்து ரொம்ப நேரம் சத்தமே இல்லை. என் அக்கா சத்தமில்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு தண்ணீரில் இறங்கலாமா என்று பார்த்தேன். அப்போது அவள் குரல் வந்தது. அவள் குரல் மாதிரியே இல்லை, சின்னதாக இருந்தது.

"எனக்குத் தண்ணின்னா பயம்டி."

"என்னது?"

"தனியா தண்ணியில இருக்க பயம். எப்பவுமே. கண்ணு முன்னாடி ஒரு ஆள் முதுகு தெரிஞ்சா பரவால்ல. அதான் பின்னாடி கேட்டேன். பயம் வந்தா பேசிக்கிட்டே இருப்பேன். இன்னிக்கு ரொம்பப் பேசினேன்ல, அது அதான்."

"பயம்னா எதுக்குடி படகுல போகலாம்னு சொன்ன?"

"நீதான் சொன்ன. ஒயின் குடிச்சிட்டு. உன் முகத்துல அவ்ளோ சந்தோஷம். உன் விவாகரத்துக்கப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பார்க்கல. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

தாடிக்காரர் பாட்டிலைக் கீழே வைத்தார். நீச்சலுடை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் யாரென்றே எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து நாணல் அசைந்தது. படகு பின்பக்கமாக வெளியே வந்தது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள், கோடு போட்ட மாதிரி. கூட்டம் மறுபடி கைதட்டியதும்தான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள் என்று இருவருக்கும் புரிந்தது. அக்கா துடுப்பால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மறைகிற முகமா அது.

வேனின் பின்கதவைத் திறந்துவைத்து உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டோம். தொழிற்சங்கத்தில் பேரம் பேசுகிற மாதிரி இருவரும் பேசினார்கள். யோசனை வீப்கேவுடையது. எல்பே கரை நெடுக சைக்கிள் பாதை இருக்கிறது. அக்காவிடம் மடக்கு சைக்கிள் ஒன்று இருக்கிறது. காலையில் வீப்கே நடு இருக்கை போட்டுத் தனியாகப் படகு ஓட்டுவாள், பேச்சே கிடையாது. அக்கா கரையோரம் சைக்கிளில் வருவாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓரிடத்தில் சேர்ந்துகொள்வது. அப்புறம் சைக்கிளை மடக்கிப் படகின் மேல் கட்டிவிட்டு, அக்கா பின்னால் ஏறிக்கொள்வாள்.

"ஏறினா பேசுவேன்," என்றாள் அக்கா.

"பேசு. காலையில ஒரு வார்த்தைகூட கேக்காம இருந்தா மத்தியானம் தாங்கிக்குவேன்."

"போன்ல?"

"போனும் கிடையாது."

"கரையிலேர்ந்து கை காட்டலாமா?"

வீப்கே யோசித்தாள். "காட்டலாம்."

கொலிட்ஸிடம் போய் நடந்ததை நடந்தபடியே சொன்னேன், நாணல் புதர் உட்பட. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சண்டை போட்டாங்களா? நல்லா போட்டாங்களா? அப்ப சரி, எடுத்துக்குங்க. சிரிச்சுக்கிட்டே திரும்பி வர்றவங்களுக்கு நான் குடுக்கறதில்ல. அவங்க பாதி வழியிலேயே படகப் போட்டுட்டு வந்துடுவாங்க." வழக்கமாகப் படகு விற்பவர்கள் இப்படிப் பேசுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. படகை வேனில் ஏற்றும்போது அவர் அதைப் பார்க்காமல் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அன்று காலையில்தான் மழை பெய்திருந்தது.

ஜூலையில் கிளம்பிப் போனார்கள். அதன்பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் மாலையில் அக்கா போனில் சொன்னது. ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது. டிரெஸ்டனில் பாலத்துக்கடியில் வீப்கே தனியாகப் போவதைப் பாலத்தின்மேல் நின்று பார்த்துக் கை காட்டியிருக்கிறாள். மைஸனுக்குக் கீழே ஆற்றுக்குக் குறுக்கே கம்பி வடத்தில் ஓடும் தோணி ஒன்று வந்திருக்கிறது. அக்கா பேச்சுச் சுவாரசியத்தில் அதைக் கவனிக்கவில்லை. தோணிக்காரன் கொம்பு ஊதியிருக்கிறான். அக்கா பழக்கதோஷத்தில் வலது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறாள். படகில் அந்த இடத்தில் இருப்பது சுக்கான் மிதி. படகு சட்டென்று வலது பக்கம் திரும்பி, வடத்துக்கு முன்பே மணல்மேட்டில் ஏறி நின்றுவிட்டது. "எவ்ளோ அழகா நிறுத்தினீங்க!" என்று தோணிக்காரன் பாராட்டியிருக்கிறான்.

பெல்கர்ன் என்ற ஊரில் வீப்கேவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. துடுப்பைப் பிடிக்க முடியவில்லை. மருந்துக்கடையில் பட்டை கட்டிவிட்டார்கள். அடுத்த ஊர் டோர்காவ். படகைக் கழற்றிப் பஸ்ஸில் போட்டுப் போகலாம் என்றாள் வீப்கே. அக்கா படகைப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள்.

"நீ சைக்கிள்ல வா. நான் கொண்டு வரேன்."

"தனியாவா?"

"கேக்காத. கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவேன்."

இதை அக்கா போனில் சொல்லவில்லை. வீப்கே பிறகு சொன்னாள். அக்கா நடு இருக்கையில் ஏறி, உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கழுத்து வரை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஆற்றின் நடுவுக்குப் போனதும், துடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி சிலை மாதிரி உறைந்துவிட்டாளாம். பேச ஆள் இல்லை. முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. ஆறு தன் பாட்டுக்கு அவளைக் கொண்டுபோயிற்று.

கரையிலிருந்து வீப்கே கத்த ஆரம்பித்தாள்.

"அல்முட்! கேக்குதா? எங்க கடைக்குப் போன மாசம் ஒருத்தர் வந்தார்! இடது காதுக்கு மட்டும் மெஷின் வேணும்னாரு! ஏன் வலது காதுக்கு வேணாமான்னு கேட்டேன்! பொண்டாட்டி அந்தப் பக்கம்தான் படுப்பான்னாரு!"

ஆற்றின் நடுவிலிருந்து ஒரு சிரிப்பு. தூக்கிப் பிடித்த துடுப்பு தண்ணீரில் இறங்கி அசைய ஆரம்பித்தது.

வீப்கே சைக்கிள் மிதித்துக்கொண்டே, ஒற்றைக் கையால் ஹேண்டில் பிடித்துக்கொண்டே, டோர்காவ் வரை கத்திக்கொண்டு வந்தாள். கடைக் கதை தீர்ந்ததும் தன் பழைய புருஷன் கதை. அது தீர்ந்ததும் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் கதை. பாதை ஆற்றை விட்டு விலகிய இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புல்வெளியில் இறங்கி, மாடுகளுக்கு நடுவே நின்று கத்தினாள். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திட்டினார்கள். ஒருவர் மட்டும், புருஷன் கதையின் முடிவு என்ன என்று எழுந்து நடந்து வந்து கேட்டுவிட்டுப் போனாராம். டோர்காவ் கோட்டைக்குக் கீழே அக்கா படகைக் கரை சேர்த்தபோது வீப்கேவுக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டிருந்தது. இருவரும் ஆளுக்கு இரண்டு சாசேஜ் ரொட்டி தின்றார்கள். அக்கா எழுந்து போய் மூன்றாவதும் வாங்கி வந்தாள்.

வீப்கேவின் மணிக்கட்டு சரியானதும் பழைய ஏற்பாட்டிலேயே தொடர்ந்தார்கள், ஆனால் ஹாம்பர்க் வரை போகவில்லை. மாக்டபுர்குக்கு அருகே எதிர்காற்று பிடித்துக்கொண்டு விடவே இல்லை. துடுப்பு போடப் போடப் படகு நின்ற இடத்திலேயே நின்றது. அக்கா போன் செய்தாள். வேனை எடுத்துக்கொண்டு போனேன்.

படகுத் துறையில் இரண்டு பேரும் வெயிலில் கறுத்து, தலைமுடி வைக்கோல் மாதிரி ஆகி உட்கார்ந்திருந்தார்கள். படகு இன்னும் கழற்றப்படாமல் புல்மேல் கிடந்தது. மீதி ஆற்றை அடுத்த கோடையில் முடிப்பதா, அதை விட்டுவிட்டு மெக்லன்புர்க் ஏரிகளுக்குப் போவதா என்று தகராறு நடந்துகொண்டிருந்தது. வீப்கேவின் குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. கரகரவென்று கிசுகிசுத்தாள், ஆனாலும் வாதத்தில் அவள்தான் முன்னால் இருந்தாள்.

"கழட்டலாமா?" என்றேன்.

"நீ இன்னும் இதுல உட்கார்ந்தே பார்க்கலயே," என்றாள் வீப்கே. "அத்தனை நாள் அலைஞ்ச. போய்ட்டு வா. ஒரு சுத்து."

"எனக்கு எதுக்கு?"

"ஏறுடா," என்றாள் அக்கா.

முன்னால் உட்கார்ந்தேன். படகுத் துறைக்குள் காற்று குறைவாக இருந்தது. அக்கா தள்ளிவிட்டு ஏறினாள். கித்தானுக்கு அடியில் தண்ணீர் நகர்வது தொடையில் தெரிந்தது, ஏதோ ஒரு மிருகத்தின் மேல் உட்கார்ந்திருப்பது போல. நான்கைந்து முறை துடுப்பு போட்டதும் கரை தூரமாகிவிட்டது. துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் திரும்பினேன்.

"அக்கா, ஆழமா இங்க?"

"தெரியாது. முன்னாடி பாரு."

"கொஞ்சம் ஏதாவது பேசு அக்கா."

பின்னால் அவள் சிரித்தாள். பிறகு, டோர்காவில் மூன்றாவது சாசேஜை ஏன் தன்னால் தின்ன முடியவில்லை, அதை யாருடைய நாய் பிடுங்கிக்கொண்டு ஓடியது, அந்த நாயை வீப்கே குரலில்லாமல் எப்படி விரட்டினாள் என்பதையெல்லாம் விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். எதிரே இருந்த மிதவையைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பினோம். கரையில் வீப்கே கூடாரத்தைச் சுருட்டி முடித்து, சைக்கிளை வேனில் ஏற்றிவிட்டு, எங்களுக்காக மூன்று பீர் வாங்கி வைத்திருந்தாள்.